வேலை ஒரகடத்தில்; ஜாகை எங்கே?

“ஒரகடத்தில் உத்தியோகம் கிடைத்துவிட்டது, எந்த ஊரில் குடியிருப்பது?” என்னும் கேள்வி இப்பொழுது தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கேட்கப்படுகிறது. திருவண்ணாமலை, விழுப்புரம், தஞ்சை, நெல்லை ஜில்லாக்களிலிருந்து வரும் வாலிபர்களும் யுவதிகளும் ஒருபுறமிருக்க, ஒடிஸா, பீஹார், அஸ்ஸாம் முதலிய ராஜ்யங்களிலிருந்தும் ஏராளமானோர் பெட்டியும் படுக்கையுமாக அங்கே வந்து இறங்குகிறார்கள். வேலையைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கும் நம்மவர்கள், குடியிருக்கும் இடத்தைப் பற்றி ஒருவரிடமும் விசாரிப்பதில்லை. தரகர் காட்டிய முதல் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, ஐப்பசி மழையில் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்த பிறகே விசாரணையை ஆரம்பிக்கிறார்கள். இது தனி மனிதர்களின் அஜாக்கிரதை மட்டுமே என்றால் நாம் இங்கே அதைப்பற்றி எழுதவேண்டிய அவசியமில்லை. ஆலைகளை மாலையிட்டு வரவேற்ற சர்க்கார்கள், அந்த ஆலைக்கு வரும் மனிதன் இரவில் எங்கே தலை சாய்ப்பான் என்பதை வெகுகாலம் யோசியாமலிருந்த குற்றமும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே குடியேற வருபவருக்குச் சில வார்த்தைகளும், வீட்டுச் சொந்தக்காரருக்குச் சில வார்த்தைகளும், சர்க்காருக்குச் சில வார்த்தைகளும் கூற விரும்புகிறோம்.

முதலில் இடத்தின் தன்மையைப் பார்ப்போம். சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்பூதூர் செல்லும் சுமார் 25 கிலோமீட்டர் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியே ஒரகடம். பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரிகளின் ஜில்லா என்று பெயர். அவ்வேரிகளின் பாசனத்தில் நெல் விளைந்த கிராமங்களில் இதுவும் ஒன்று. அருகிலுள்ள வடக்குப்பட்டில் 2022-ம் வருஷத்தில் தொல்பொருள் இலாகாவினர் தோண்டிப் பார்த்தபோது கற்காலத்துக் கருவிகள் அகப்பட்டன. படப்பையை அடுத்த மணிமங்கலமோ, ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் ஒன்று. மனிதர் வசிப்பதற்கு உகந்தது என்று ஆதிகாலத்திலேயே கண்டறியப்பட்ட பூமியில், இன்று வசிக்க இடமின்றி ஜனங்கள் அலைவது விசித்திரமே.

இப்பிரதேசத்துக்கு ஆலைகள் வந்த வேகம் யாவரும் அறிந்ததே. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றிய ஹூண்டாய் கம்பெனி 1998-ல் தன் முதல் காரை வெளியிட்டது. 2006-ல் ஸ்ரீபெரும்பூதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை திறக்கப்பட்டது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலையும், 2012-ல் டைம்லர் லாரி ஆலையும், 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் எழுந்தன. டயர் ஆலை, மண்வாரி யந்திர ஆலை, உதிரி பாகங்கள் செய்யும் சிறு ஆலைகள் ஆகியவை அவற்றைச் சுற்றிப் பெருகின. சாலைகள் அகன்றன, மின்சாரக் கம்பங்கள் உயர்ந்தன. ஆலைகள் வந்தன, ஆனால் ஊர் வரவில்லை. கிராமப் பஞ்சாயத்துக்களாக இருந்த இடங்களில், கிராமத்துக்கு என்று வெட்டிய கிணறும், கிராமத்துக்கு என்று கட்டிய பள்ளிக்கூடமும், கிராமத்துக்கு என்று அமைத்த ஆரம்ப வைத்தியசாலையுமே பல மடங்கு பெருகிவிட்ட ஜனத்தொகைக்கும் ஈடு கொடுக்கவேண்டியதாயிற்று. ஒரகடத்துக்கு இன்றளவும் ரயில் இல்லை.

ஆகையால் ஒரகடத்தில் வேலை என்றால் ஒரகடத்திலேயே வாசம் என்று பொருள் கொள்வதற்கில்லை. பெயரிலேயே ஒரு மயக்கம் உண்டென்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். அம்பத்தூரில் ஓர் ஒரகடம் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தின் பக்கத்தில் ஓர் ஒரகடம் இருக்கிறது. நாம் சொல்லும் ஒரகடம் மூன்றாவது. தூரதேசத்திலிருந்து கைப்பேசியைப் பார்த்தே வீடு பேசி முடிப்பவர்கள், எந்த ஒரகடத்தில் பேசுகிறோம் என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்வது நலம்.

வருபவர் முன் ஐந்து மார்க்கங்கள் இருக்கின்றன. முதலாவது, ஆலை வாசலிலேயே ஒரகடம், வல்லம், மாத்தூர் முதலிய கிராமங்களில் தங்குவது. கிராமத்தார் தங்கள் மனைகளில் வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குப் போகலாம். இரவு ஷிப்ட் முடிந்தால் அரை மணியில் படுக்கையில் விழலாம். தனியாளுக்கு இது உகந்தது. ஆனால் பிள்ளை குட்டிகளோடு வருபவருக்குப் பள்ளிக்கூடம், பிரசவ வைத்தியம், நல்ல தண்ணீர் ஆகிய மூன்றுக்கும் வெளியூரைப் பார்க்கவேண்டியிருக்கும்.

இரண்டாவது, வண்டலூர் சாலையிலே படப்பை, மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாகத் தாம்பரம் வரையிலுள்ள ஊர்கள். இங்கே பள்ளிக்கூடங்களும் கடைகளும் வைத்தியசாலைகளும் நிறைய உண்டு. பட்டணத்தின் வாசலில் இருக்கிறோம் என்ற திருப்தியும் உண்டு. ஆனால் காலையிலும் மாலையிலும் கண்டெய்னர் லாரிகளின் இடையே புகுந்து செல்லும் பிரயாணத்தையும், பின்னால் நாம் சொல்லப்போகும் வெள்ள அபாயத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மூன்றாவது, ரயில் பாதையை ஒட்டிய சிங்கப்பெருமாள்கோயில், மறைமலைநகர், கூடுவாஞ்சேரி. சென்னைக் கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே ஓடும் மின்சார ரயில் இவ்வூர்களில் நிற்கிறது. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்ட பஸ் நிலையமும் சமீபத்திலேயே இருப்பதால், தென் ஜில்லாக்களுக்குப் போய்வருவது எளிது. கணவனுக்கு ஒரகடத்திலும் மனைவிக்குப் பரனூர் மகீந்திரா நகரிலோ தாம்பரத்திலோ வேலை என்றிருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

நான்காவது, ஸ்ரீபெரும்பூதூரும் சுங்குவார்சத்திரமும். பெங்களூர் நெடுஞ்சாலையின்மேல் இருப்பதால் பஸ் வசதிக்குக் குறைவில்லை. ரயில் மட்டும் இங்கும் இல்லை. ஐந்தாவது, மேற்கே வாலாஜாபாத்தும் காஞ்சீபுரமும். இவை ஆலைகளுக்காக முளைத்த ஊர்கள் அல்ல. பள்ளிக்கூடமும் கடைவீதியும் கோயிலும் குளமும் பல தலைமுறைகளாக உள்ள ஊர்கள். அரக்கோணம்–செங்கற்பட்டு ரயில் பாதையும் இவற்றைத் தொட்டுச் செல்கிறது. தூரத்தைப் பொருட்படுத்தாதவர்கள், கம்பெனி பஸ் அவ்வழியாக வருமானால், இவற்றை அலட்சியம் செய்யவேண்டியதில்லை.

இவ்வைந்தில் எது நல்லது என்று கேட்டால், எல்லோருக்கும் ஒரே விடை கூற முடியாது. ஆனால் விடை காணும் முறை ஒன்றுதான். வாடகையை மட்டும் பார்க்கிறவர் ஏமாந்து போவார். வாடகையோடு காலத்தையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். தினந்தோறும் போக ஒன்றரை மணியும் வர ஒன்றரை மணியும் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 வேலை நாட்களுக்கு 78 மணி நேரம் சாலையில் கழிகிறது. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் ஏறக்குறைய பத்து நாள். அதாவது, மாதத்தில் பத்து நாள் கூலியில்லாமல் சாலைக்கு ஊழியம் செய்கிறோம். இதைத் தவிர்க்க மாதம் 2,000 ரூபாய் அதிக வாடகை கொடுத்து அருகில் குடியிருந்தால், மணிக்கு 26 ரூபாய்க்கும் குறைவான விலையில் நம் ஆயுளைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களாகிறோம். குழந்தை தூங்கிய பின் வீடு வந்து, விழிக்குமுன் வீட்டை விட்டுப் புறப்படும் தகப்பனுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்கவேண்டியதில்லை.

கம்பெனி பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. “எங்கள் பஸ் எல்லா ஊருக்கும் வருகிறது” என்று ஆலையில் சொல்வார்கள். எந்தத் தெருமுனையில் நிற்கிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது, இரவு ஷிப்ட் முடிந்து இறங்கினால் அங்கிருந்து வீடு வரையில் விளக்கு உண்டா, கடை திறந்திருக்குமா என்பவற்றை நேரில் பார்த்தறிய வேண்டும். வீட்டைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்து முடிவு செய்பவர், அவ்வீட்டுக்கு இரவு பதினோரு மணிக்கும் ஒரு தடவை நடந்து போய்ப் பார்க்கட்டும். பெண்மக்களை வேலைக்கு அனுப்பும் தாய் தந்தையர் இதை ஒருபோதும் மறக்கலாகாது.

அடுத்தது தண்ணீர். இந்தப் பிரதேசத்தில் தண்ணீர் வேண்டும்போது கிடைக்காமலும், வேண்டாதபோது வந்து நிற்பதும் வழக்கம். கோடையில் ஆழ்குழாய்க் கிணறு வற்றினால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்று முன்னதாகவே பேசிக்கொள்ளவேண்டும். மழைக்காலத்தைப் பற்றி 2015-ம் வருஷம் நமக்குக் கற்பித்த பாடம் சாமான்யமானதல்ல. அவ்வருஷம் டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் மாடிகளிலிருந்து படகுகளில் இறக்கப்பட்டனர். செம்பரம்பாக்கத்தையே எல்லோரும் குறை கூறினார்கள்; ஆனால் அந்த ஏரியின் தண்ணீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைக்கு அருகே, அதாவது முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அது ஓடுவதற்கு முன்னோர் விட்டுவைத்த வழியில் நாம் மனை பிரித்து வீடு கட்டினோம். தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறக்கவில்லை.

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பது நம்மவர் பழமொழி. குடியேறுகிறவர் வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்பதோடு நில்லாமல், தெருக்கோடி டீக்கடைக்காரரையும், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த முதியவர்களையும் கேட்கட்டும். 2015-ல் இங்கே எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதற்குச் சுவரில் கறையிருக்கும். இல்லாவிட்டால் முதியவர் கை இடுப்பைக் காட்டும் அல்லது மார்பைக் காட்டும். தாங்கல், கலங்கல், மதகு, கால்வாய் என்ற சொற்கள் ஊர்ப் பெயரிலோ தெருப் பெயரிலோ ஒட்டியிருக்குமானால் இன்னும் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்பது நல்லது. மனை வாங்குகிறவர், தாலுகாக் கச்சேரியின் பழைய கிராமப் படத்தில் அந்தச் சர்வே எண் எந்த வகை நிலமாகக் காட்டப்பட்டிருக்கிறதென்று பாராமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. எல்லைக் கணக்கையும் கவனிக்கவேண்டும். 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி ஜில்லாவான பிறகு, ஒரகடம் காஞ்சீபுரம் ஜில்லாவிலும், 12 கிலோமீட்டர் அளவே தள்ளியுள்ள சிங்கப்பெருமாள்கோயில் செங்கற்பட்டு ஜில்லாவிலும் இருக்கின்றன. வேலை ஒரு கலெக்டரின் கீழ், வீடு மற்றொரு கலெக்டரின் கீழ் என்றிருப்பவர் எந்தக் கச்சேரியில் எந்த மனுவைக் கொடுப்பதென்று அறிந்திருப்பது அவசியம். ரேஷன் விஷயத்தில் ஓர் ஆறுதல்: 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில், எங்கும் ஒரே ரேஷன் கார்டு என்ற திட்டம் அமலிலிருப்பதால், சொந்த ஊர்க் கார்டையே கொண்டு இங்கே அரிசி வாங்கலாம்.

மூன்றாவது விஷயம் உடன்படிக்கை. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வீட்டுச் சொந்தக்காரர்–குடித்தனக்காரர் சட்டத்தின்படி, குடக்கூலி உடன்படிக்கை எழுத்து மூலமாக இருக்கவேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். சச்சரவு நேர்ந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் “வேறு விதமாக உடன்படிக்கை இருந்தாலொழிய” என்ற ஒரு சிறு சந்தை அதிலேயே திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் சென்னையின் பத்து மாத முன்பண வழக்கம் இன்றும் தாராளமாக நடமாடுகிறது. முதல் மாதச் சம்பளம் வாங்காத இளைஞன் பத்து மாத வாடகைக்கு எங்கே போவான்? வட்டிக்கடைக்குத்தான் போவான். இச்சந்தை அடைப்பது சட்டசபையின் கடமை.

நான்காவது விஷயத்தை யாரும் தரகரிடம் விசாரிப்பதில்லை. ஆயினும் அதுவே மிக முக்கியமென்று நாம் நினைக்கிறோம். ஆலையை நம்பி மாத்திரம் ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2006-ல் கோலாகலமாகத் திறக்கப்பட்ட நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். மறைமலைநகரிலே 1990-களில் வந்த போர்டு கார் ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. வெளிநாட்டு முதலாளியின் கணக்குப் புஸ்தகம் எந்தத் தேதியில் மூடப்படும் என்பது ஸ்ரீபெரும்பூதூரில் யாருக்கும் தெரியாது. ஆலை மூடினாலும் பள்ளிக்கூடம் மூடாத ஊர், வேறு வேலைக்குப் போக ரயிலும் பஸ்ஸும் உள்ள ஊர், பக்கத்து வீட்டுக்காரர் நம் பெயரை அறிந்திருக்கும் ஊர், இவையே குடும்பம் வேரூன்றத் தகுந்தவை. வாடகை வீட்டில் இரண்டு மழைக்காலம் இருந்து பாராமல் கடன் வாங்கி மனை வாங்குவது விவேகமன்று. “வீட்டைக் கட்டிப் பார்” என்று முன்னோர் சொன்னது எச்சரிக்கையாகத்தான்.

இதுகாறும் கூறியவை தேர்ந்தெடுக்கும் சுதந்தரம் உள்ளவருக்கு. அச்சுதந்தரம் யாருக்கு இருக்கிறது என்று பார்க்கும்போதுதான் மனம் வேதனைப்படுகிறது. “சொந்த ஊர் எது?” என்பார்கள், ஊரைச் சொன்னால் “ஊரில் எந்தத் தெரு?” என்பார்கள். தெருவைக் கேட்பது எதற்கு என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். சற்று முன் காலியாயிருந்த வீடு அந்த விடைக்குப் பிறகு “நேற்றே பேசி முடிந்துவிட்டது” என்றாகிவிடுகிறது. முஸ்லிம் என்றால் ஒரு சாக்கு, கல்யாணமாகாதவன் என்றால் ஒரு சாக்கு, தனியாக வரும் பெண் என்றால் ஒரு சாக்கு, ஹிந்தி பேசுபவன் என்றால் வாடகையே இரட்டிப்பு. குடியரசின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் பிரஜைகளுக்கு உரிமை உண்டென்று நமது அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து பிரகடனம் செய்கிறது. அந்த உரிமை தெருவாசலில் வந்து, தெரு எது என்ற ஒரு கேள்வியில் தடுக்கி விழுகிறது. ஒரே யந்திரத்தில் எட்டு மணி நேரம் தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்கள், மாலையில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்க முடியாதென்றால் நாம் அடைந்த சுதந்தரத்தின் அளவு அவ்வளவுதானா?

வடநாட்டுத் தொழிலாளரைப் பற்றி முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். தமிழன் போகாத தேசம் இல்லை. இலங்கை மலைநாட்டில் லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக அடைபட்டுக் கிடந்தவர்கள் நம்மவர். மலேயா ரப்பர் தோட்டங்களில் பிறந்து மடிந்தவர்கள் நம்மவர். பம்பாய்த் தாராவியின் சதுப்பிலே மண்ணைக் கொட்டிக் குடிசை போட்டவர்கள் நம்மவர். 1960-களின் இறுதியில் அதே பம்பாயில் “மதராஸி” என்று ஏசி அடிக்கப்பட்டவர்களும் நம்மவரே. வெளியூரில் நமக்கு எது செய்யப்படக் கூடாதென்று கொதித்தெழுந்தோமோ, அதை நம் ஊரில் பிறருக்குச் செய்யலாமா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்களுடன் வதந்தி கிளம்பியபோது, அது பொய் என்று நிரூபிக்கச் சர்க்கார் பெருமுயற்சி செய்யவேண்டியிருந்தது. அன்றாடம் ஓர் அறையும் ஓர் அண்டை வீட்டு நட்பும் கிடைத்திருப்பவரிடம் இத்தகைய வதந்தி செல்லுபடியாகாது.

இனிப் பெண் தொழிலாளரின் விடுதிகளைக் கவனிப்போம். இவர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பெரும்பாலும் இருப்பதில்லை. கம்பெனியோ காண்டிராக்டரோ எங்கே இறக்கிவிடுகிறார்களோ அதுவே ஜாகை. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் தங்கி, சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்துவந்த பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். தோழிகளின் கதி என்னவென்று தெரியாமல் தவித்த பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது. பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்து மேற்பார்வையிட 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். சட்டம் ஏழு வருஷம் பழையதாயிருந்தது. சாப்பாடு கெட்ட பிறகே அதிகாரிகள் விழித்தார்கள்.

அதன்பின் நடந்த நல்ல காரியத்தைப் பாராட்டாமலிருப்பது நியாயமன்று. வல்லம் வடகாலில் சிப்காட் ஸ்தாபனம் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பை 2024 ஆகஸ்டு 17-ந் தேதி முதலமைச்சர் திறந்து வைத்தார். 13 கட்டிடங்கள், கட்டிடத்துக்கு 240 அறைகள், அறைக்கு 6 பேர், ஆக 18,720 பெண்களுக்கு இடம். கூரைக்கும் காவலுக்கும் சுத்தமான தண்ணீருக்கும் உத்தரவாதமுள்ள கட்டிடம் என்ற வகையில் இது பெரும் முன்னேற்றம். ஆனால் இது ஓர் ஊர் ஆகுமா? அறுவருக்கு ஓர் அறை என்பது இருபது வயதில் சரி. இருபத்தைந்தில் கல்யாணமானால் அந்தப் பெண் எங்கே போவாள்? அவளுடைய தாய் வந்தால் எங்கே தங்குவாள்? வேலை போனால் மறுநாள் படுக்கையும் போகும் என்ற நிலையில், நியாயமான கோரிக்கையைக் கூட வாய்விட்டுக் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே எஜமானன் இருப்பது ஆபத்தானது. கட்டிடம் சர்க்கார் ஸ்தாபனத்துக்குச் சொந்தமாயிருப்பதால் இந்த ஆபத்தைக் குறைக்கச் சர்க்காரால் முடியும். வேலையிழந்தவருக்கு மூன்று மாதமாவது அங்கே தங்க உரிமை உண்டென்று ஒரு விதி செய்தால் போதும்.

ஊரை நிர்மாணிப்பது நம் தேசத்தாருக்குத் தெரியாத வித்தையன்று. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1902-ல், இரும்பாலைக்கு இடம் கூட நிச்சயமாகாத காலத்தில், தம் குமாரருக்கு எழுதிய கடிதத்தில், தொழிலாளர் ஊரில் அகன்ற தெருக்களும் நிழல் மரங்களும் தோட்டங்களும் விளையாட்டு மைதானங்களும் கோயில், மசூதி, மாதாகோயில்களும் இருக்கவேண்டுமென்று குறிப்பிட்டார். ஜாம்ஷெட்பூர் அப்படியே எழுந்தது. நமது நெய்வேலியிலே நிலக்கரியோடு கூடவே ஒரு நகரமும் எழுந்தது. நாம் பேசும் இடத்துக்கு அருகிலேயே, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மறைமலையடிகளின் பெயரால் ஒரு புதிய நகரை அளந்து தெருப் போட்டது. அது நிரம்ப நெடுங்காலம் பிடித்தது உண்மையே. ஆனால் ரயிலும் தெருவும் பள்ளிக்கூடமும் முன்னமே இருந்தபடியால், போர்டு ஆலை நின்றபோது மறைமலைநகர் நின்றுவிடவில்லை. ஒரகடத்துக்கு நாம் செய்யத் தவறியது இதுதான்.

இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்பூதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை போடுவதைப் பற்றிப் பல்லாண்டுகளாகப் பேச்சு நடக்கிறது; பேச்சை நிறுத்திவிட்டுத் தண்டவாளம் போடவேண்டும். சிப்காட் தன் ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு பங்கு நிலத்தை, குடும்பத்தோடு வசிப்பவருக்கு ஏற்ற இரண்டு அறை வாடகை வீடுகளுக்காக ஒதுக்கவேண்டும். அவை எந்த ஒரு கம்பெனிக்கும் உரியவையாக இருக்கலாகாது. சர்க்கார் பஸ்கள் ஷிப்ட் மாறும் நேரங்களை அனுசரித்து ஓடவேண்டும். ஆலைகளினால் வரும் வரி வருமானத்தில் தக்க பாகம் அந்தந்தக் கிராமத்துத் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பி வரவேண்டும். நிலத்தைக் கொடுத்தவர்கள் அவ்வூரார் என்பதை மறக்கலாகாது. ஏரி வாய்க்காலின்மேல் மனை பிரிக்க அனுமதி தருபவர் எவராயினும், வெள்ளம் வரும் நாளில் அவரைப் பொறுப்பாக்க விதி வேண்டும். விடுதிச் சட்டம், வாடகைச் சட்டம் இரண்டையும் அமல் நடத்தப் போதிய அதிகாரிகளை இப்பகுதிக்கென்றே நியமிக்கவேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரருக்கு நாம் கூறுவது சுருக்கமானது. உங்கள் நெல்வயலில் ஆலை முளைத்தது. உங்கள் கொல்லையில் வாடகை அறை முளைத்தது. அந்த அறைக்கு வருபவன் கொண்டுவரும் பணத்தில் சாதி எழுதியிருப்பதில்லை. வாடகையை நியாயமாக வாங்குங்கள், ரசீது கொடுங்கள், தெருவைக் கேளாதீர்கள். குடியேற வருபவருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டை இரவில் பாருங்கள், சுவரில் வெள்ளக் கறையைத் தேடுங்கள், உடன்படிக்கையை எழுதி வாங்குங்கள். குடியேறிய பிறகு கிராமசபைக் கூட்டத்துக்குப் போங்கள். வாக்காளர் ஜாபிதாவில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவன் வழிப்போக்கன் என்று எண்ணப்படும் வரையில் எந்தப் பஞ்சாயத்தும் அவனுக்காகத் தெருவிளக்குப் போடாது. ஆலைகள் கட்டும் வித்தையை ஒரகடம் முப்பது வருஷங்களுக்குள் கற்றுக்கொண்டது. ஊர் கட்டும் வேலையை அடுத்த சட்டசபைக் கூட்டத்திலேயே சர்க்கார் தொடங்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.